உச்சுக்கொட்டியல்: நாடகங் காண்போர் மெய்ப்பாடு பற்றிய ஓர் ஆராய்ச்சி

தொலைக்காட்சித் தொடர்நாடகங்களைப் பற்றி நம்மவர் எழுதியவை ஏராளம். ஆயின் அவற்றைக் காண்கின்ற மாந்தர், காணும் பொழுதில் செய்வன யாவை, சொல்வன யாவை, சொல்லாமல் நாவை மேற்பல்லில் ஒட்டி எடுத்து ஒலிப்பன யாவை என்னும் விஷயத்தைத் தக்க சிரத்தையோடு ஆராய்ந்த நூல் ஒன்றேனும் அடியேன் கண்ணிற் படவில்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டு, ஈப்போ நகரின் வடமேற்கே, மலையிறங்கி வரும் நெடுஞ்சாலையின் இரைச்சல் நள்ளிரவிலும் ஓயாத ஜெலாப்பாங்கில், தாமான் வீடொன்றின் முன்கூடத்தில், கால் ஒன்று சற்றே வளைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மீதமர்ந்து இவ்வாராய்ச்சி மேற்கொள்ளப்பட்டது.

தமிழாராய்ச்சிக்கு இந்நாடு புதியதன்று. 1966-இல் தனிநாயக அடிகளார் முதலியோரின் முயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது கோலாலம்பூரில்தான். பின்னர் 1987-இலும் 2015-இலும் அங்கேயே கூடியது. அம்மாநாடுகளில் படிக்கப்பெற்ற கட்டுரைகள் அனைத்தையும் கண் அயராமல் கேட்டு முடித்தவர் எவரேனும் இருப்பின், அப்பெருந்தகைக்கு இக்கட்டுரை சமர்ப்பணம்.

ஆய்வுக்கு ஆதார புருஷர்களாக, அல்லது ஆதார ஸ்திரீகளாக, அமைந்தவர் இருவர். ஒருவர் பாட்டியார், ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று, பால் மரம் சீவி, மங்கு மங்காகப் பாலெடுத்து முதுமை எய்தியவர், எத்தகைய பாத்திரத்தையும் தொரை, கிராணி, கங்காணி என்னும் மூன்று வகுப்புகளுள் ஒன்றில் நிமிஷத்தில் அடக்கிவிடும் வல்லமையர். மற்றவர் அவர் மகளாகிய என் அத்தையார். 1999-இல் தொடங்கிய 'சித்தி' முதற்கொண்டு நாடகங் காண்பதை நித்திய கர்மமாகக் கைக்கொண்டவர். 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாருக்காக எண்ணூறுக்கு மேற்பட்ட பாகங்கள் கவலைப்பட்டவர். அக்கவலையின் மிச்சத்தைக் கொண்டே தம் சொந்த மகளின் கலியாணத்தை நடத்தி முடித்தவர்.

நாடகங் காண்போரைத் தமிழிலக்கணத்தில் எவ்விடத்து வைப்பது என்பது முதல் வினா. தலைவி, தோழி, செவிலி, பாங்கன் ஆகியோர்க்குக் கூற்று உரிமை உண்டு, ஆனால் அத்தையாருக்கு? இதற்கு விடை தொல்காப்பியத்திலேயே கிடைக்கிறது. உடன்போக்கிற் செல்லும் தலைவனையும் தலைவியையும் இடைவழியிற் காண்கிறவர், ஊர் தொலைவு என்றும், பொழுது சாய்ந்தது என்றும், பெற்றவள் அழுவாள் என்றும் கேளாமலே எடுத்துச் சொல்லி இரங்குவர். அவர்க்குக் கண்டோர் என்று பெயர். ஓடிப்போகின்ற பிள்ளைகளை எவ்வித உரிமையுமின்றி வழிமறித்து அபிப்பிராயம் கூறுகின்ற இக்கண்டோரின் நேர்வாரிசு அத்தையார் என்பதில் ஐயமில்லை. மேலும், அகத்திணையில் மாந்தரை இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது மரபு. அத்தையாரும் எந்தப் பாத்திரத்தையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'அந்த மீசைக்காரன்', 'மூத்தவ', 'அந்தச் சண்டாளி' என்றே வழங்குவார். சங்கப் புலவர்க்குப் பின் இம்மரபைப் பிறழாது காத்தவர் இவரே ஆவர் (காண்க: அத்தை, சமையற்கட்டு உரை, தாளிப்புக்கு முன்).

இக்கண்டுபிடிப்பை அத்தையாரிடம் தெரிவித்து, "அத்தை, நீங்க செய்யிறத தொல்காப்பியர் அப்பவே சொல்லியிருக்காரு" என்றபோது, அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு, அபியோட கூட்டாளியா? நல்ல பையன்" என்றார். வாசகர் நகைக்க வேண்டா. 'கோலங்கள்' தொடரில் தேவயானி ஏற்ற அபி என்னும் பாத்திரத்துக்கு உற்ற துணையாய் நிற்கும் நண்பனின் பெயர் தொல்காப்பியன். நடித்தவர் அத்தொடரை இயக்கிய திருச்செல்வம். 1,500 பாகங்களுக்கு மேல் ஓடிய அத்தொடர் 2003-இல் தோன்றி 2009-இல் முடிவுற்றது. தொல்காப்பியர் காலத்தைக் குறித்து நம் பேராசிரியர்கள் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலிருந்து பிற்பட்ட ஐந்தாம் நூற்றாண்டு வரை ஆளுக்கொரு இடத்தில் கொடி நட்டு, ஒருவர் கொடியை மற்றவர் பிடுங்கி வருவது யாவரும் அறிந்ததே. இதுகாறும் முன்வைக்கப்பட்ட கணிப்புகளுள், தோற்றமும் முடிவும் ஆண்டுக் கணக்கில் நிரூபிக்கத்தக்கது அத்தையாருடையது ஒன்றே.

இனி மெய்ப்பாடு. தொல்காப்பியர் கூறும் எட்டும் முன்கூடத்தில் காணப்படுகின்றனவா எனின், ஒன்றொழிய ஏனைய காணப்படுகின்றன. ஆனால் இடம் மாறி.

அழுகை: பாத்திரம் அழும்போது வருவதில்லை, பாத்திரம் அழாமல் தட்டைக் கழுவும்போது வருகிறது. நகை: பாத்திரம் அழும்போது. அச்சம்: மாதக் கட்டணச் சீட்டு வருகிற நாளில் மட்டும். இளிவரல்: நாயகி பட்டுச் சேலையோடு உறங்கி, பூவாடாமல் விழித்தெழும் இடத்தில். பெருமிதம் என்பது, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்னும் வாக்கியத்தோடு நிகழ்வது. அன்றைக்குச் சொன்னாரா என்று ஆராய்வது மரியாதையன்று. உவகைக்குத் தொடர்நாடகத்தில் இடமில்லை. கலியாணக் காட்சியில் பிறக்கலாமே என்பாரும் உளர். தாலியேறும் கணத்தில் வாசலிலிருந்து யாரேனும் ஒருவர் "நிறுத்துங்க" என்பார் என்பதை அறிந்த நெஞ்சில் உவகை எங்ஙனம் பிறக்கும்? மருட்கை, நேற்று வரை ஒருவர் நடித்த பாத்திரத்தில் இன்று வேறொருவர் வந்து நிற்க, கட்டிய மனைவி உட்பட வீட்டில் எவருமே அதைக் கவனியாதிருக்கும்போது தோன்றுவது. வெகுளிக்கு உதாரணம் வேண்டுவதில்லை.

பிரிவு என்னும் உரிப்பொருளைக் குறித்து ஜெலாப்பாங் மக்களுக்கு நாடகம் கற்பிக்கத்தக்கது சொற்பமே. 2009 பிப்ரவரியில் சட்டமன்ற உறுப்பினர் மூவர் தத்தம் கட்சியைப் பிரிந்தமையால் பேராக் மாநில ஆட்சியே மாறிற்று. அம்மூவருள் ஒருவர் இத்தொகுதியின் உறுப்பினர். அவ்வாரம் அத்தையார் நாடகத்தை விட்டுச் செய்தியைக் கண்டார் என்பது வீட்டு வரலாற்றிற் பதிவாகியுள்ளது.

எட்டு மெய்ப்பாட்டுள்ளும் அடங்காது, ஆனால் எட்டற்கும் துணையாய் நின்று, இந்நூற்கே பெயர் தந்து நிற்கும் ஒலியாகிய உச்சினை இனி விரித்துரைப்போம். தொல்காப்பியப் பிறப்பியலின்படி எழுத்தொலிகள் யாவும் உந்தியினின்று மேலெழும் காற்று, நெஞ்சு, மிடறு, தலை ஆகிய நிலைக்களங்களைப் பொருந்தி, பல், இதழ், நா முதலியவற்றின் முயற்சியால் பிறப்பன. உச்சோ, உந்தியைச் சிறிதும் பொருட்படுத்தாமல், வாயினுள்ளேயே காற்றை உள்ளிழுத்துப் பிறப்பது. ஆகவே அது உயிருமன்று, மெய்யுமன்று. ஆய்தம் என்று கொள்ளலாமோ எனின், ஆய்தத்திற்கு முன்னும் பின்னும் எழுத்து வேண்டும். உச்சிற்கு முன்னும் பின்னும் மௌனமே உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜூலு, சோசா மொழிகளில் இவ்வொலி நெடுங்கணக்கிற் சேர்ந்த மெய்யொலியாகவே வழங்குகிறது. ஒரு மாலை நாடகம் முடிவதற்குள் அத்தையார் அம்மொழிகளில் அரைப்பக்கம் பேசியிருப்பார் என்பது கணக்கிட்டால் விளங்கும்.

இதன் அளபு கண்ணிமைப் பொழுதில் நாலிலொன்று. அதாவது மகரக்குறுக்கத்தோடு ஒத்த கால் மாத்திரை. தனி உச்சு சலிப்பைக் குறிக்கும். இரட்டை உச்சு இரக்கம். மூன்று தொடர்ந்து வந்து, தலை இடவலமாக அசைந்து, ஈற்றில் பெருமூச்சு புணருமாயின் அது விதியை நொந்தது. நான்கு வரின் வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கொள்க (பாட்டி, சாய்வு நாற்காலி உரை, இரண்டாம் விளம்பர இடைவேளை, வெற்றிலை மடித்த பின்). இவற்றினும் சூட்சுமமானது முன்னுச்சு. மாமியார் சிரித்த முகத்தோடு பால் தம்ளரை ஏந்தி மருமகளின் அறைக்குள் நுழைகிறார். இன்னும் ஒன்றும் நிகழவில்லை. ஆயினும் முன்கூடத்தில் இரட்டை உச்சு எழுந்துவிடுகிறது. காரியம் காரணத்திலேயே முன்னமே உளது என்று சாங்கியர் சாதித்த சத்காரியவாதத்தைப் பெரும் பண்டிதர்கள் பல நூற்றாண்டு மறுத்தும் காத்தும் வந்தனர். ஒரு தம்ளர் பாலைக் கண்டு அதை நிலைநாட்டியவர் அத்தையார்.

உச்சின் வரலாற்றில் விடுவிக்க முடியாத சிக்கல் ஒன்று உண்டு. அருகிலுள்ள புந்தோங் கச்சான் பூத்தேக்குப் பேர்போன இடம். அங்கிருந்து வாங்கி வந்த பொட்டலம் பிரிக்கப்பட்ட மாலைகளில், வாய் நிறைய வறுத்த கடலை இருத்தலின், உச்சு பிறப்பதில்லை. அம்மாலைகளில் இரக்கம் இருந்ததா, இல்லையா? இல்லை என்பர் ஒரு சாரார். இவர்கள், சங்க நூல்களில் இட்டலி குறிக்கப்படாமையாற் பழந்தமிழர் காலையிற் பட்டினி கிடந்தனர் என்று முடிவு கட்டும் சம்பிரதாயத்தைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் உயர்ந்த பதவிகளில் இருப்பவர்கள். இருந்தது என்பதே அடியேன் சித்தாந்தம். கடலையை மெல்லும் வேகம் குறைந்தமையும், ஒரு கச்சான் உதட்டருகே சென்று அரை நிமிஷம் உட்புகாமல் நின்றமையும் பிரத்தியட்சமாகக் காணப்பட்டன (பாட்டி, மேற்படி உரை, திருத்திய பதிப்பு, பல்செட்டைக் கழற்றிய பின் அருளப்பட்ட முதற்பதிப்பிற் பாடம் தெளிவில்லை, இதனோடு ஒப்புநோக்குக: அத்தை, "அம்மா, சும்மா இருங்க, காது கேக்கல" என்னும் மறுப்புரை, ஒலியைக் கூட்டுமுன், இரண்டற்கும் சமாதானம்: பக்கத்து வீட்டு அக்கா, வேலிமேல் விளக்கம், துணி காய்ந்த அளவு).

வைகின்றவர்க்கும் வையப்படுகின்றவர்க்கும் இடையே நிகழ்வதையும் உறவுமுறைகளுட் சேர்க்க வேண்டும். 'கோலங்கள்' தொடரை இயக்கிய அதே திருச்செல்வம் இயக்கி 2022 பிப்ரவரியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில், படித்த மருமகள்களைச் சமையற்கட்டில் அடைத்து வைக்கும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். ஒன்றரை ஆண்டுக்கு மேலாக அத்தையார் அவரைச் சபித்த சாபங்களை ஏட்டில் எழுதினால் ஏடு தாங்காது. அத்தொடரில் வரும் அப்பத்தாவின் நாற்பது சதவீதச் சொத்துப் பங்கு அவர் கைக்குப் போய்விடக் கூடாதென்று வெள்ளிக்கிழமை விளக்குக்கு முன் வேண்டுதலும் நடந்தது. 2023 செப்டம்பர் 8-ஆம் நாள் அவர் சென்னையில் மாரடைப்பால் காலமானார் என்று செய்தி வந்தபோது, அத்தையார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "யாரைத்தான்யா இனிமே திட்டுறது" என்றார். பின்னர் அப்பாத்திரத்தை எழுத்தாளர் வேல ராமமூர்த்தி ஏற்று நடித்தார். அத்தையார் அவரையும் திட்டினார். ஆனால் பழைய ஈடுபாடு இல்லை. இவ்வுறவுக்கு நம் நிகண்டுகளில் பெயரில்லை. இவ்விடத்தில் அடியேனுக்கு நகைச்சுவையும் ஓடவில்லை.

இறுதியாக, மழைகொண்ட பாகங்கள். 1996 ஜனவரியில் ஏவப்பட்ட மீசாட் செயற்கைக்கோளைக் கொண்டு அவ்வாண்டே ஆஸ்ட்ரோ தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது. அதன் அலைகளைக் கனத்த மழைத்துளிகள் விழுங்கிவிடும். ஈப்போவிலோ, பருவம் மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை தோறும் இடியோடு மழை. எனவே கதை முற்றுகிற தருணத்திற் படம் கட்டங்கட்டமாய் உடைந்து, திரை கறுத்து, மழை விட்டுப் படம் மீளுங்கால் பாத்திரங்கள் யாவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருப்பர். இடையில் நடந்தது யாது?

கடல்கொண்ட நூல்களைப் பற்றி நம் முன்னோர் துணிந்துரைத்தனர். இறையனார் களவியல் உரை முதற்சங்கம் 4,440 ஆண்டும், இடைச்சங்கம் 3,700 ஆண்டும், கடைச்சங்கம் 1,850 ஆண்டும் இருந்தன என்று கூறும். மூன்றும் 370-ஆல் மிச்சமின்றி வகுபடுகின்றன என்பதைக் கவனித்தும் கவனியாதது போல் மேற்செல்லும் பெருந்தன்மை நம் மேடைப் பேச்சாளர்க்கு உண்டு. அவ்வழியிலேயே, அண்மையில் மழைகொண்ட பாகம் ஒன்றுக்கு இரண்டு பாடங்கள் இவ்வீட்டில் எழுந்துள்ளன. ஒளித்து வைத்த கடிதத்தைக் கணவன் படித்துவிட்டான், அதனால் மாமியாருக்கு மயக்கம் வந்தது என்பது அத்தை பாடம். கடிதத்தை ஒருவரும் படிக்கவில்லை, கங்காணி குணமுள்ள அந்தச் சின்ன மாமன்தான் அதைக் கிழித்துவிட்டுக் கிழவியையும் தள்ளிவிட்டான் என்பது பாட்டி பாடம். பாடபேதம் முற்றி, இருவரும் இப்போது ஒருவர்க்கொருவர் என் வழியாகவே பேசுகின்றனர்.

அத்தை மகளின் கைப்பேசியில் அப்பாகத்தைத் தேடிப் பார்த்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் மூலம் கிடைத்துவிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை; ஊகத்துக்கு வேலையில்லையெனில் பல்கலைக்கழகங்களிற் பாதி நாற்காலி காலியாகிவிடும். ஆதலின் ஒரு விண்ணப்பம்: அன்று மாலை மழை பெய்யாத ஊரிலிருந்து அக்காட்சியைக் கண்டவர் எவரேனும் இருப்பின், தயைகூர்ந்து ஜெலாப்பாங் பக்கம் வந்து நடந்ததைச் சொல்லிவிட வேண்டா. இவ்வாராய்ச்சியின் இரண்டாம் பாகம் அச்சுக்குப் போய்விட்டது.