புள்ளி எங்கே, லோரி எங்கே?

கேள்வி: எங்கள் செம்பனை லோரிகளுக்கு ஜிபிஎஸ் மாட்டியாயிற்று. இனி நிம்மதியாகத் தூங்கலாமா?
– ஒரு லோரி முதலாளி, சுங்கைப் பட்டாணி

பதில்: தாராளமாக. ஓட்டுநர் தூங்காதவரை! கருவி குறைந்தது நான்கு துணைக்கோள்களைப் பிடித்து இடத்தைக் கணக்கிடும். அதை உங்களுக்குச் சொல்லத்தான் கைப்பேசி லைன் வேண்டும். சிக், பாலிங் மலைப்பக்கம் லைன் போய்விட்டால், திரையில் உள்ள லோரிப் புள்ளி கடைசியாகக் கண்ட தேத்தண்ணிக் கடையிலேயே நிற்கும். லோரியோ மில்லில் குலை இறக்கிக்கொண்டிருக்கும். திட்டு மட்டும் ஓட்டுநருக்கு! புள்ளியோடு அது பதிவான நேரத்தையும் பாருங்கள், ஐயா.

லோரி எங்கே என்று தெரிந்தால் மட்டும் போதாது; வேகமும் பிரேக்கும் முக்கியம். 2025 ஜூன் 9 அன்று கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகே, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமானது. தேய்ந்த பிரேக் எந்தத் திரையிலும் புள்ளியாகத் தெரியாது. லோரியை முதலில் பட்டறைக்கு அனுப்புங்கள்.