பொழிப்புரைப் பெரியப்பா

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்பார்கள். அத்தை மருமகள் வாட்ஸ்அப்பில் போட்ட ‘சரி.’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு உரைகாரர் ஒருவர்தான். ஆனால் பத்துப் பேர் வேலையையும் எங்கள் பெரியப்பா தனி ஆளாகச் செய்து முடித்தார்.

பெரியப்பா தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வவுச்சரில் பாதி நீல மையிலும் பாதி கறுப்பு மையிலும் இருந்தால், ஏன் என்று கேள்வி எழுதிச் சம்பளம் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு வவுச்சர் வருவது நின்றது. அந்த இடத்துக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழு வந்து சேர்ந்தது. காலைக் காபி ஆறிக்கொண்டிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். படிக்கிறார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கள்ள நோட்டைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

“டேய், இங்க வா. சரின்னு போட்டுப் புள்ளி வச்சிருக்கா, பாரு.”

“சரின்னா சரிதானே பெரியப்பா.”

“புள்ளி?”

“முற்றுப்புள்ளி.”

“வாட்ஸ்அப்ல எவன்டா முற்றுப்புள்ளி வைக்கிறான்? நீ வச்சிருக்கியா? உங்கப்பன் வச்சிருக்கானா? அவன் பள்ளிக்கூடத்துலயே வச்சதில்ல. பேச்சு இதோட முடிஞ்சுதுங்கறா.”

ஸ்பேஸ் பொத்தானை அடுத்தடுத்து இரண்டு தட்டுத் தட்டினால் போனே முற்றுப்புள்ளி வைத்துவிடும் என்று என் போனில் செய்து காட்டினேன். யோசித்தார்.

“ஒரு தட்டு தட்ட வேண்டியதுக்கு எதுக்கு ரெண்டு தட்டு? கோவத்துல இருந்திருக்கா.”

சரி என்ற சொல்லுக்கு அவரிடம் ஒரு தர வரிசையே உண்டு. ‘சரிங்க மாமா’ என்றால் மரியாதை. ‘சரி மாமா’ என்றால் உறவு நல்லபடி இருக்கிறது. வெறும் ‘சரி’ என்றால் வீட்டில் ஏதோ பேச்சு நடந்திருக்கிறது. ‘ஓகே’ என்றால் ஆபீஸில் இருக்கிறாள், மன்னிக்கலாம். ‘ம்’ என்று வந்தால் அன்றைக்குப் பெரியம்மாவுக்கு மதியத் தூக்கம் போயிற்று. பெரியப்பா 1998-இல் நடந்த கல்யாணத்தில் யாருக்கு எந்தப் பந்தியில் இலை போட்டார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். பதிலே வராவிட்டால்? அதற்குத்தான் நீல டிக். 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நிறுவனம் அதைக் கொண்டுவந்தபோது உலகத்தில் எத்தனையோ பேர் அந்தரங்கம் போயிற்று என்று அலறினார்கள். பெரியப்பா ஒருவர்தான், கடைசியில் யாரோ புத்தியுள்ளவன் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்றார்.

இவற்றையெல்லாம் தாண்டியது, அனுப்பிவிட்டு அழித்த செய்தி. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற சாம்பல் நிற வரியைப் பார்த்துவிட்டால் பெரியப்பாவுக்குப் பசி எடுக்காது. பழந்தமிழில் சில நூல்கள் மறைந்துபோய், உரைகாரர்கள் காட்டிய மேற்கோள்களால் மட்டும் நமக்குத் தெரிய வருகின்றன. இவர் அவர்களுக்கும் ஒரு படி மேல். மூலத்தைக் கண்ணால் பார்க்காமலேயே பதவுரை, கருத்துரை, விசேடவுரை மூன்றும் சொல்வார். நம்மைத் திட்டிப் போட்டிருக்கிறாள், புருஷன் பார்த்துவிட்டு அழிக்கச் சொல்லியிருக்கிறான், இல்லை இல்லை, மாமியார்தான் சொல்லியிருப்பாள். அழித்தவளைக் கேட்டால், பால்காரருக்கு அனுப்ப வேண்டியது கைதவறி இங்கே வந்துவிட்டது என்பாள். “அரை லிட்டர் போதும்னு போட்டிருந்தாளாம். யாரைச் சொல்றா, தெரியுதா?”

வெறும் ஊகத்தில் பேசுகிறவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. தணிக்கைக்காரர், ஆதாரம் வைத்திருக்கிறார். பேப்பரில் வந்த இரண்டு செய்திகளை வெட்டி எடுத்து ஃபைலில் போட்டிருக்கிறார். ஒன்று கனடா. சஸ்காச்சுவான் மாகாணத்து விவசாயி ஒருவருக்கு ஆளி விதை ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பி, உறுதி செய்யச் சொன்னார் ஒரு தானிய வியாபாரி. விவசாயி ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாகப் போட்டார். பிறகு, வந்து சேர்ந்தது என்ற பொருளில்தான் போட்டேன் என்றார். கோர்ட்டு ஒப்பவில்லை. அந்த விரல் கையெழுத்துக்குச் சமம் என்று 2023-இல் தீர்ப்பாகி, 82,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். இன்னொன்று நம் ஊர். உயர் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்தி குழுவில் வந்தபோது அதற்குக் கட்டைவிரல் போட்டார் என்று ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அது கொலையைக் கொண்டாடுவது ஆகாது, பார்த்தேன் என்று தெரிவிக்கிற ஓகே மாதிரிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லி, அவரை வேலையில் சேர்க்கச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது.

படித்த நீதிபதிகளே ஒரு விரலை வைத்துக்கொண்டு இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்கும்போது பெரியப்பாவை மட்டும் குறை சொல்வானேன் என்று எனக்கும் சில சமயம் தோன்றும். அவர் இரண்டு தீர்ப்பையும் சேர்த்து ஒரு சட்டம் செய்துகொண்டார். “டொரண்டோவுல இருக்கானே சின்னவன், அவன் விரல் போட்டா அது கையெழுத்து. வர்றேன்னு அர்த்தம். இங்க இருக்கறவங்க போட்டா வெறுமனே பாத்தாங்கன்னு அர்த்தம். சாப்பாட்டுக் கணக்குல சேக்காதே.”

ஒரு சொல்லுக்கு இவ்வளவு சொல்கிறவர் தாமாக ஒன்று எழுதினால் எப்படி இருக்கும்? ‘பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய குடும்ப உறுப்பினர்கள் அனைவருக்கும் இனிய காலை வணக்கம்’ என்று தொடங்கும். வானிலை வரும். குலதெய்வம் வரும். பேரன் பிறந்த நட்சத்திரமும் ஜோசியர் சொன்னதும் அதை மறுத்து இன்னொரு ஜோசியர் சொன்னதும் வரும். நீளச் செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்து, ‘மேலும் படிக்க’ என்று ஒரு வாசலை மட்டும் திறந்துவைக்கும். விஷயம் அந்த வாசலுக்கு உள்ளே, வெகு தூரத்தில் இருக்கும். காதுகுத்து பத்து மணிக்கு இல்லை, ஒன்பதுக்கே என்ற தகவலும் அங்கேதான் இருந்தது. அத்தை மருமகள் ‘சரி.’ போட்டது காலை வணக்கத்துக்கு. பத்து மணிக்குச் சீர்த்தட்டோடு அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, பேரன் இரண்டு காதிலும் கம்மலோடு அழுது முடித்து, ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தான்.

“அன்னிக்கே சொன்னேன்ல, அந்தப் புள்ளில ஏதோ இருக்குன்னு” என்றார் பெரியப்பா.

நன்னூலார் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் சொன்னார். குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். சின்னதாக எழுதுவதையே முதல் குற்றமாகவும் முதல் அழகாகவும் வைத்துவிட்டாரே என்று பள்ளிக்கூடத்தில் குழம்பியிருக்கிறேன். குடும்பக் குழுவில் சேர்ந்த பிறகு தெளிந்தது. ‘சரி’ என்பது குன்றல். ‘சரி மாமா, ஒன்பதுக்கே வந்துடறோம்’ என்பது சுருக்கம். நடுவில் மூன்று சொல்தான். அந்த மூன்று சொல்லை மிச்சம் பிடித்தால், உரைகாரர் வீடு கட்டிக் குடியேற இடம் கிடைத்துவிடுகிறது. இரண்டாவது குற்றமான மிகைபடக் கூறலைப் பெரியப்பா பார்த்துக்கொள்கிறார்.

தந்தி காலத்தில் சொல்லுக்குக் காசு. 2013 ஜூலையில் அந்தச் சேவை மூடுகிற வரைக்கும், யார், எப்போது, எதில் வருகிறார் என்பதை விரல் விட்டு எண்ணி எழுதினார்கள். அதிலும் வம்பு இல்லாமல் இல்லை. தந்திக்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பியதுமே, உறையைப் பிரிப்பதற்கு முன்பு ஒப்பாரி வைத்த வீடுகள் உண்டு. உரை எழுதுவது நம் ரத்தத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்து எழுத்தை இன்னும் விடாதவள் எங்கள் அத்தை. பெரியப்பாவின் தங்கை; கார்டு எழுதிப் பழகிய கை. காதுகுத்துக் குழப்பத்தைச் சரிசெய்யத் தானே புறப்பட்டு வருவதாகப் போன வாரம் குழுவில் ஒரு செய்தி போட்டாள். ‘வெள்ளி காலை பொதிகையில் வருகிறேன். நான் மட்டும். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். டிபன் வேண்டாம். ஞாயிறு திரும்புகிறேன்.’

பெரியப்பா போனை மூக்குக்குக் கொண்டுபோனார். புள்ளிகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார். மடிப்பு இல்லை. நீக்கியது எதுவும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபியை எடுத்தார். அவர் சூடாகக் காபி குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாதி டம்ளர் காலியாகியிருக்கும்.

“ஏன்டா” என்றார், “டிபன் எதுக்கு வேண்டாங்கறா?”