நான்கு கணவர்களும் நலம்

மாட்சிமை பொருந்திய சார்பதிவாளர் அலுவலகத்தின் திருச்சமூகத்துக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் தாங்கள் நலமாகவே இருக்கிறீர்கள். நேற்று கல்யாணத்தைப் பதிய வந்தபோது மின்விசிறிக்கு நேர் கீழே பார்த்தேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் மற்ற ஊர் அலுவலகங்கள், 'நாங்கள் மட்டும் என்ன குறைச்சல்' என்று கோபித்துக்கொள்ளும்.

முதலில் வீட்டுச் செய்தி. தையில் கழுத்தை நீட்டியவள் இந்தச் சித்திரையில் முழுகாமல் இருக்கிறேன். மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. என் நாத்தனாருக்கே இன்னும் தெரியாது. தங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது, தங்களோடு சேர்ந்து வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும். தலை சுற்றியது, உட்கார ஒரு நாற்காலி கேட்டேன், காரணத்தையும் சொல்லவேண்டி வந்தது. கவுண்டரில் இருந்த பெருமகனார் நாற்காலியைத் தேடவில்லை, எங்கள் கல்யாணத் தேதியைத் தேடினார். 'தை, மாசி, பங்குனி' என்று உரக்க விரல் விட்டு எண்ணினார். 'அதுக்குள்ளயா?' என்றார். கணக்கு சரியாக வந்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அதன்பின் என் கணவரின் காகிதங்களைப் பிரித்தார். பள்ளிச் சான்றிதழில் இன்ஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறது. ஆதாரில் பின்னால். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டார்கள் என்று என் மாமனாரே முழுசாக வந்து உட்கார்ந்திருக்கிறார். போதாததற்கு, இன்ஷியலையும் தமிழில் எழுதச் சொல்லி 2021 டிசம்பரில் அரசாணை வந்ததே, அதை நம்பி விண்ணப்பத்தில் தமிழ் இன்ஷியலோடு கையெழுத்துப் போட்டுவிட்டார் இவர். நான்கையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, 'இதுல யாரும்மா உன் புருஷன்?' என்று கேட்டார் பெருமகனார். ஹாலே சிரித்தது.

நேற்று முதல் நான் நால்வரின் மனைவி. முன்னெழுத்துக்காரர், பின்னெழுத்துக்காரர், முழுப்பெயர்க்காரர், தமிழ்க்காரர். பாஞ்சாலியைவிட ஒன்றுதான் குறைவு. ரேஷன் கார்டை இன்னும் காட்டவில்லை.

கல்யாணத்தைப் பதிவதைக் கட்டாயமாக்குங்கள் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2009-ல் சட்டம் போட்டது. கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னுமொரு 60 நாள். கல்யாணம் நடந்த ஊருக்கே ஓட வேண்டாம், குடியிருக்கும் ஊரிலும் பதியலாம் என்று 2020-ல் திருத்தமும் வந்தது. சட்டம் எங்களை நோக்கி இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. தங்கள் வாசலில்தான் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது.

ஒன்று கேட்கிறேன். ஒருத்தியின் வயிற்றைப் பார்த்து மாதக் கணக்குப் போட இந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது? மேசையில் கிடந்தவை நான்கு காகிதங்கள். மூன்று தங்களைப் போன்ற அலுவலகங்கள் கொடுத்தவை, நான்காவது அரசு சொன்னபடி எழுதியது. பெயரைத் தலைகீழாக்கியது நீங்கள். கூட்டத்தில் கூனிக் குறுகி நிற்பது நானா? கல்யாணமானவள் என்று சொல்லவே எனக்கு ஒருவர் முத்திரை வேண்டியிருக்கிறது, அதையும் அவர் இளித்துக்கொண்டுதான் குத்துவாரா?

பொறுத்தருள்க. மசக்கை. காலையில் குடித்த கஞ்சியும் இப்படித்தான் சொல்லாமல் வெளியே வந்துவிடுகிறது.

தங்கள் பெருந்தன்மையை நான் அறியாதவளா? முகூர்த்த நாள்களில் பத்திரப் பதிவுக்குக் கூடுதல் டோக்கன் கொடுக்கிறீர்கள். அட்சய திருதியையன்று மனை வாங்குகிறவரின் மனம் கோணக்கூடாது என்ற அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. மனை பாக்கியசாலி. சர்வே எண் உண்டு, இன்ஷியல் கிடையாது. விரல் விட்டு எண்ண வயிறும் கிடையாது.

எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் எங்கள் மேல் இரக்கப்பட்டு, 'உள்ள கொஞ்சம் கவனிச்சுட்டா நாலும் ஒண்ணாயிடும்மா' என்றார். அத்வைதம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. கணவர் (முன்னெழுத்துக்காரர்) சம்மதிக்கவில்லை. மற்ற மூவரும் அவர் பக்கமே நின்றார்கள்.

இனி எங்கள் திட்டம். நால்வருக்கும் மஸ்கட்டில் ஒரே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஆனியில் கிளம்புகிறார்கள். குடும்ப விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டுமாம்; அங்கே நான்கு மனைவி என்றால் புரிந்துகொள்வார்கள், நான்கு கணவர் என்றால் என்ன செய்வார்களோ. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஐப்பசி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு மூன்று நான்கு மாதமானதும் தூக்கிக்கொண்டு நானும் விமானம் ஏறுவதாக ஏற்பாடு. அதற்குள் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். குழந்தையின் பெயரைச் சேர்க்க ஒரு வருஷம் அவகாசம் தருகிற சட்டம், அப்பா பெயரை மட்டும் அன்றைக்கே கேட்கும். அந்தக் கட்டத்தில் நால்வரில் யாரை எழுதட்டும்? தங்கள் முடிவே இறுதியானது.

எங்கள் பகுதிச் செவிலியர் அக்கா மட்டும் விவரமில்லாதவர். மாடிப்படி ஏறி வீட்டுக்கே வந்தார், ஆதாரைப் பார்த்தார், கர்ப்பத்தைப் பதியும் பிக்மி எண் வாங்க விவரத்தை எழுதிக்கொண்டார், 'இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எத்தனை கணவர் என்று கேட்கவே இல்லை. அவருக்குத் தாங்கள் பயிற்சி கொடுத்தால் நல்லது.

அக்னி நட்சத்திரம் தொடங்குமுன் எங்கள் 90 நாள் முடிகிறது. திங்கட்கிழமை மறுபடி தரிசனத்துக்கு வருகிறோம். நாற்காலியை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
நால்வரின் ஒரே மனைவி

இணைப்பு: கல்யாணப் பத்திரிகை, மாலையும் கழுத்துமாக எடுத்த படம், நான்கு கணவர்களின் அடையாளச் சான்றுகள், ஸ்கேன் ரிப்போர்ட் (இதயத் துடிப்பு தெரிகிறது, இன்ஷியல் முன்னாலா பின்னாலா என்பது இன்னும் தெரியவில்லை).