கதவு திறக்கும் கோல்கீப்பர்

ஐஸ் ஹாக்கி அணியின் பெஞ்சில், ஓரமாக உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் வியர்த்து விறுவிறுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, இவர் தலையில் மட்டும் ஒரு பேஸ்பால் தொப்பி. முழங்காலைத் தாண்டிய பேடு, மார்புக் கவசம் என்று போருக்குப் புறப்பட்ட கோலம். செய்கிற வேலையோ, போகிறவர் வருகிறவருக்குக் கதவு திறந்துவிடுவது. பெஞ்சு சிறியதான அரங்குகளில் அந்தப் பெருமையும் கிடையாது. உடைமாற்றும் அறைக்குப் போகிற வழியில் ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். இவர்தான் அணியின் இரண்டாம் கோல்கீப்பர். போன வருடம் வேறு அணி, அதற்கு முந்தைய வருடம் இன்னொன்று, அடுத்த வருடம் எதுவென்று அவருக்கே தெரியாது. ரசிகர்கள் இவரைத் தேறாத கேஸ் என்று தள்ளிவிடுகிறார்கள். எந்த ஊரிலும் நிலைக்காமல் தொழிலில் மட்டும் பத்துப் பதினைந்து வருடம் நிலைத்திருப்பது தேறாதவரால் ஆகிற காரியமா என்பதுதான் என் கேள்வி.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் 32 அணிகள். ஆட்டத்துக்கு அணிக்கு இரண்டு கோல்கீப்பர்கள். ஆக மொத்தம் 64 இடம். கனடாவிலும் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ரஷ்யாவிலும் ஸ்கேட் கட்டத் தெரிந்த பையன்களெல்லாம் இந்த 64-க்குத்தான் குறிவைக்கிறார்கள். உள்ளே வந்துவிட்டவர்களுக்குள் நட்சத்திரத்துக்கும் நாடோடிக்கும் எவ்வளவு தூரம்? நூற்றுக்கு 91.5 அடிகளைத் தடுத்தால் பெரிய பெயர். 90 தடுத்தால் பெட்டியைக் கட்டி வைத்துக்கொள்வது நல்லது. ஓர் ஆட்டத்தில் சுமார் 30 அடி வருகிறது என்று வைத்தால், இருவருக்கும் வித்தியாசம் ஆட்டத்துக்கு அரை கோல்கூட இல்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 170 கிராம் ரப்பர் வில்லை, சொந்த அணிக்காரர் ஒருவருடைய ஸ்கேட்டில் பட்டுத் திரும்பினாலே அந்த அரை கோல் கணக்கில் ஏறிவிடும். டிம் தாமஸ் 30 வயதிலும் பின்லாந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். 2011-ல், 37 வயதில், பாஸ்டனுக்கு லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வாங்கித் தந்தார். அந்தக் கோப்பைத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அவர் திடீரென்று வேறு மனிதராகிவிடவில்லை. அரை கோல் இந்தப் பக்கம் வந்தது, அவ்வளவுதான்.

அவ்வளவு நல்லவரென்றால் ஏன் ஒருவரும் வைத்துக்கொள்வதில்லை என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். பதில் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அனுபவப்பட்ட வீரரைச் சிறிய லீக்குக்கு அனுப்ப வேண்டுமானால், பொதுவாக முதலில் ஒரு நாள் முழுக்க மற்ற எல்லா அணிகளின் பார்வைக்கும் அவரை வைக்க வேண்டும். யாரும் கை தூக்காவிட்டால்தான் அனுப்பலாம். ஆகவே பார்வைக்கு வைத்த இடத்திலிருந்து ஒருவர் ஊர் மாறினார் என்றால், ஓர் அணிக்கு அவர் வேண்டாம் என்பது பாதிச் செய்தி. இன்னோர் அணி அவரைக் கொத்திக்கொண்டு போயிற்று என்பது மீதி. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு நாம் அனுதாபப்படுகிறோம். அவருடைய உண்மையான கஷ்டம் வேறு. முகமூடியில் ஓவியரை வைத்து அணியின் சின்னத்தை வரைந்திருப்பார். பேடு முழுக்க அணியின் நிறம். புது ஊரில் முதல் ஆட்டத்துக்குச் சட்டை நீலம், கால் சிவப்பு என்று நிற்கும்போது, எதிரணிக்கும் சந்தேகம், சொந்த அணிக்கும் சந்தேகம்.

மைக்கேல் லெய்ட்டனை எடுத்துக்கொள்ளலாம். 2009 டிசம்பரில் கரோலினா பார்வைக்கு வைக்க, பிலடெல்பியா எடுத்துக்கொண்டது. ஆறு மாதத்தில் அவர் ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டியில் நின்றார். வழியில் மான்ட்ரியாலுக்கு எதிராக மூன்று ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை. இறுதியில் ஆறாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் எதிரணியின் பாட்ரிக் கேன் அடித்த அடி உள்ளே போனது அரங்கில் அநேகமாக யாருக்குமே தெரியவில்லை. கேன் மட்டும் கையுறைகளை வீசிவிட்டு ஓடினார். பார்த்தீர்களா, கடைசியில் கோட்டை விட்டாரே என்பது எதிர்க்கட்சி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2008 ஏப்ரலில், ஒரு படி கீழான அமெரிக்க ஹாக்கி லீக்கில், ஐந்து கூடுதல் நேரங்கள் நீண்ட ஓர் ஆட்டத்தில் 98 அடிகளைத் தடுத்துவிட்டு 3-2 என்று தோற்றவரும் இவர்தான். ஒரே இரவில் 98 தடவை சரியாகச் செய்தவரைத் தோற்றவர் பட்டியலில் எழுதும் கணக்கில்தான் கோளாறு என்று எனக்குப் படுகிறது.

குணத்திலும் இந்த ஆளுக்கு ஒரு தனிப் பக்குவம் வேண்டும். முதல் கோல்கீப்பர் பயிற்சியை முடித்துவிட்டு முன்னதாகக் கிளம்பிவிடுவார். காயத்திலிருந்து திரும்புகிறவர்களும் ஆட்டத்தில் இடம் கிடைக்காதவர்களும் ஆசை தீர அடித்துப் பழக, இவர் கடைசிவரை நிற்க வேண்டும். மோசமாக ஆடினால் வேலை போகும். ரொம்ப நன்றாக ஆடினால் முதல்வரின் முகம் வாடும். முதல்வருக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டால்தான் இவருக்கு ஆட்டம். சிறிய லீக்கில் இருந்து கூப்பிடப்படுபவருக்கோ சம்பளமே பல மடங்காகும். 2025-26 பருவத்தில் மேலே குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலர். அதற்காக யாருக்கும் கேடு நினைக்கிற மனிதர் அல்லர். காயப் பட்டியலை மட்டும் தவறாமல் படிப்பார். கர்டிஸ் மெக்எல்ஹினி எட்டு அணிகளுக்கு ஆடியவர். 2020-லும் 2021-லும் டாம்பா பே கோப்பையை வென்றபோது, அந்த இரண்டு கோப்பைத் தொடர்களிலும் வலைக்கு முன்னால் நின்றவர் முதல் கோல்கீப்பர் வாசிலெவ்ஸ்கி. மெக்எல்ஹினி பெஞ்சில் இருந்தபடியே இருமுறை சாம்பியன்.

பெஞ்சில் இருப்பதற்கு ஒரு நிபுணர் எதற்கு, யாரைப் பிடித்துப் போட்டாலும் ஆகாதா என்பது இன்னொரு வாதம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அணிக்கு ஒரே கோல்கீப்பர் என்றிருந்த காலத்தில், 1928 இறுதிப் போட்டியில் கோல்கீப்பருக்குக் கண்ணில் அடிபட, நியூயார்க் ரேஞ்சர்ஸின் 44 வயதுப் பயிற்சியாளர் லெஸ்டர் பாட்ரிக் தாமே போய் நின்றார். 1959-ல் கோல்கீப்பர் ஜாக் பிளாண்ட்டின் முகம் கிழிந்தபோது, தையல் போட்டு முடியும்வரை ஆட்டமே காத்திருந்தது. இந்தக் கூத்துக்கெல்லாம் பிறகுதான், 1960-களின் நடுவில், இரண்டாவது ஆள் கட்டாயம் என்று லீக் விதி செய்தது. 2020 பிப்ரவரியில் கரோலினாவின் இரு கோல்கீப்பர்களும் காயப்பட, பனித்தளத்தைச் சமன்செய்யும் ஜம்போனி வண்டி ஓட்டிய 42 வயது டேவிட் ஏயர்ஸ் டொரொண்டோவில் களமிறங்கி வென்றாரே என்பார்கள். வென்றார். வந்த முதல் இரண்டு அடியும் கோல். அதன்பின் சக வீரர்கள் உயிரைக் கொடுத்து மறித்ததில் மொத்தமே பத்து அடிதான் அவரை எட்டியது. அடுத்த ஆட்டத்துக்குக் கரோலினா வண்டி ஓட்டுநரைத் தேடவில்லை. சிறிய லீக்கிலிருந்து இருவரை வரவழைத்தது. அவர்களில் ஒருவரான ஆன்டன் ஃபோர்ஸ்பெர்க், அடுத்த பருவத்தில் எட்மண்டன், கரோலினா, வின்னிபெக், ஒட்டாவா என்று நான்கு அணிகளின் கைக்கு மாறினார். அந்தப் பருவத்தில் முதல் மூன்றிலும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. நான்காவது அணி, அதற்கடுத்த பருவத்தில் அவரை 46 ஆட்டங்களில் நிறுத்தியது.