பீடிங்கியல்: ஒரு பாயிரம்

பழைய வேனைப் படுக்கையறையாக்குவோரின் முதற்கவலை மெத்தை, அடுத்தது அடுப்பு. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், மெத்தை நனைந்த பிறகே ஞாபகத்துக்கு வரும். இவ்வரிசை தலைகீழானது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்குக் கொண்ட வண்டி ஃபோக்ஸ்வேகன் டைப் 2. 1950இல் உற்பத்தி தொடங்கிய இதற்கு, மறு ஆண்டே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ‘கேம்பிங் பாக்ஸ்’ செய்து தந்தது. 1967இல் வந்த இரண்டாம் தலைமுறையில் பக்கக் கதவு ஸ்லைடிங் டோர் ஆனது. பீடிங்கியலார்க்கு வேலையும் கூடியது.

பீடிங் சாவது எதனால்? இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்குகிறது. இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் வெடிப்பு விழும். ஆகவே ஆய்வாளர் முதலில் விரல் வைத்துப் பார்க்க வேண்டியது வளைவுகளை என்க. பின்னர் வந்த இபிடிஎம் ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஓசோன் அதனிடம் தோற்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் கதவுக்கிடையே நசுங்கினால் அதுவும் தட்டையாகி, எழ மறுக்கும். பாசத்தோடு பெட்ரோலியக் கிரீஸ் தடவினாலோ ஊதிப்போகும். சிலிகான் கிரீஸே அதற்கு ஆகும்.

சோதனைக் கருவி ஒரு யூரோ நோட்டு. கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடத்தில் பீடிங் காலம் முடிந்தது. ஐந்து யூரோவும் ஐம்பது யூரோவும் ஒரே முடிவையே தரும் என்பதால் ஆய்வுச் செலவைக் கட்டுக்குள் வைக்கலாம்.

‘புது பீடிங் போட்டும் முன்கதவுக்குள் தண்ணீர் சலசலக்கிறதே?’ எனின், அது குற்றமன்று. என்னை? கண்ணாடி ஏறியிறங்கும் இடுக்கு வழியே மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அடிவிளிம்பிலுள்ள ஓட்டைகள் வழியே அது வெளியேற வேண்டும். ஓட்டையில் சேறு அடைத்திருக்க, நிரபராதியான பீடிங்கைப் பிடுங்கி எறிந்தோர் பலர்.

மாட்டும் முறை: பழைய பசையைச் சுரண்டி, விளிம்பில் துரு இருந்தால் அதை ஒழித்து, பெயின்ட் காய்ந்த பின்பே புதியதைத் தொடலாம். உள்ளே பலகை அடிப்பதற்கு முன்பே இது முடிய வேண்டும். துருவை எட்டிப் பார்க்க அப்புறம் வழியிராது. பீடிங்கின் இரு முனையும் சேரும் ஒட்டு கதவின் அடிப்பக்கம் வரட்டும். இழுத்து மாட்டுவது பெரும்பிழை: இழுத்த ரப்பர் சுருங்கி, ஒட்டில் வாய் பிளக்கும். சற்று நீளமாக வெட்டி, நெருக்கித் தள்ளுவதே மரபு.

மாட்டியதும் கதவைச் சாத்த முடியாது. புது ரப்பரின் தடிமன் அப்படி. இங்கே அறிஞர்கள் இரு பிரிவு. சில நாள் சாத்தியே வைத்தால் ரப்பர் படிந்துவிடும் என்பது பொறுமைப் பள்ளி. கதவுப் பூட்டு கவ்வும் ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தி வெளியே நகர்த்து என்பது ஸ்பேனர் பள்ளி. பின்னதன் மாணவர்கள், ரப்பர் படிந்த பிறகு கதவு கடகடக்க, அதே ஸ்ட்ரைக்கரை மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டிருப்பதைக் காணலாம்.