கயிறு கட்டிய நாற்காலி

நூறு ரூபாய் டிக்கெட் வாங்கி, ஒரு மணி நேரம் நின்றபடியே பதினோரு நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஒன்றில்கூட உட்கார விடவில்லை. முழங்கால் வலி இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும். நீலகிரித் தைலம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால் எனக்குப் பெருந்தன்மை வந்துவிடும். அப்புறம் கட்டுரை உருப்படாது.

மே மாதம் என்பதால் போன காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் வெயில் ஏறியதும், கீழ் கோத்தகிரியில் தங்களுக்கு ஓர் அக்கா இருப்பது மச்சினன்மார்களுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது, மனதுக்குள் நீதிபதிகளுக்கு ரோஜா மாலை போட்டேன். பாஸ் உட்கார்ந்த இடத்திலேயே போனில் கிடைத்துவிடும் என்று தெரிந்ததும் மாலையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மச்சினன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். இறங்கியதும் நேராக என் ஈசிசேரில் போய் உட்கார்ந்தான். எங்கள் வீட்டில் நாற்காலி என்பது உட்காருவதற்கு.

"மச்சான், பூங்கா, படகு எல்லாம் வேண்டாமுங்க. ஒரே கூட்டம். ஏதாச்சும் பழைய பங்களா பாக்கலாமுங்க. போன வருஷம் ரஷ்யாவுல டால்ஸ்டாய் எஸ்டேட் பாத்தேனுங்க. என்னமா வெச்சிருக்கறாங்க தெரியுங்களா?"

தெரியும். டூர் கம்பெனியோடு ரஷ்யா போய் வந்ததிலிருந்து சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். மாஸ்கோவுக்குத் தெற்கே, துலா நகரத்துக்குப் பக்கத்தில் யாஸ்னயா பொல்யானா. 1921 முதல் மியூசியம். செருப்புக்கு மேல் துணிச் செருப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே நடக்க வேண்டுமாம். காட்டுக்குள் டால்ஸ்டாயின் சமாதி. சிலுவை இல்லை, கல் இல்லை, புல் முளைத்த ஒரு மண்மேடு, அவ்வளவுதான். இதை அவன் கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லி ஒருவரைச் சாப்பிடவிடாமல் செய்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நானும் விடுகிற ஆள் இல்லை. மலிவு விலை சோவியத் புத்தகங்கள் விற்ற காலத்தில், ரா. கிருஷ்ணய்யா மொழிபெயர்த்த 'புத்துயிர்ப்பு' வாங்கி, அதை அலமாரியில் எல்லோருக்கும் தெரிகிற தட்டில் வைத்திருப்பவன்.

"நீ பார்த்தது டால்ஸ்டாய் பிறந்த வீடே இல்லை மாப்ளே. அந்தப் பெரிய வீட்டை 1854-ல் விற்றுவிட்டார். வாங்கினவர் கழற்றி எடுத்துக்கொண்டு போய் வேறு ஊரில் பூட்டிக்கொண்டார். வந்த பணத்தை டால்ஸ்டாய் சீட்டாட்டத்தில் விட்டார். நீங்கள் எல்லாம் துணிச் செருப்பு மாட்டிக்கொண்டு சுற்றினது, மிச்சம் நின்ற பக்கத்து வீட்டில்."

"வித்துக் குடுத்தது ஆருங்க?"

"அவர் தங்கச்சி புருஷன்."

மச்சினன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் பங்களா ஆசை நிற்கவில்லை.

யோசித்தோம். கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே கன்னேரிமுக்கு. 1819-ல் மலையேறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனின் பங்களா அங்கே இருக்கிறது. பாழடைந்து கிடந்ததை எடுத்துக் கட்டி நீலகிரி ஆவண மையமும் மியூசியமும் வைத்திருக்கிறார்கள். "அது போன தடவையே பாத்தாச்சுங்க." சரி, அதே சல்லிவன் ஊட்டியில் கட்டின ஸ்டோன் ஹவுஸ், ஊர்க்காரர்கள் வாயில் கல் பங்களா? அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. பரீட்சை சமயத்தில் போனால் அரியர் எழுத வந்தவன் என்று நினைத்துப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து வேண்டாம் என்றேன். இப்போது நினைத்தால் அதுவே தேவலை, உட்காரவாவது வைத்திருப்பார்கள். கொடநாடு? விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் செய்தியில் அடிபட்ட அந்த எஸ்டேட் பங்களா மேல்தான் கண். வியூ பாயின்ட்டில் நின்று மாயாற்றையும் தெங்குமரஹாடாவையும் பார்க்கலாம். பங்களாவை அவர்கள் மாதிரி நானும் டிவியில்தான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் போனது ஒரு டீ எஸ்டேட்டுக்குள் இருக்கும் துரை பங்களாவுக்கு. பெயர் வேண்டாம். நாளைக்கும் அந்த வழியாகத்தான் நான் பஸ்ஸில் போக வேண்டும்.

பழைய பங்களாக்களை மியூசியமாக்குகிறவர்களுக்கு என்னிடம் மூன்று யோசனைகள் இருக்கின்றன. மூன்றும் முக்கியமானவை. வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது நாற்காலி.

வாசல் வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டது. பிரம்புப் பின்னல் போட்ட சாய்வு நாற்காலி, கை இரண்டும் முன்னால் நீண்டு போகிறது. குறுக்கே சிவப்புக் கயிறு. 'உட்காராதீர்கள்.' துரை தோட்டத்திலிருந்து வந்ததும் இதில் சாய்ந்து, இரண்டு காலையும் அந்த நீண்ட கைகள் மேல் தூக்கிப் போட்டுக்கொள்வாராம். ஆள் வந்து பூட்ஸைக் கழற்றுவானாம். கைடு தம்பி இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பூரிப்பு. கழற்றினது அவன் கொள்ளுத் தாத்தாவாகக்கூட இருக்கலாம்.

அடுத்த அறையில் சாப்பாட்டு மேஜை, சுற்றி ஆறு நாற்காலி, ஆறையும் சேர்த்து ஒரே கயிறு. ஜாயின்ட் அக்கவுன்ட். அதற்கடுத்து மேம்சாகிப் கடிதம் எழுதின நாற்காலி. அதற்கடுத்து, மேம்சாகிப் கடிதம் எழுதாதபோது உட்கார்ந்த நாற்காலி. இந்த இடத்தில் என் வலது முழங்கால் லேசாகக் குரல் கொடுத்தது. சுற்றிலும் பார்த்தேன். உலகத்தில் ஓர் அறைக்குள் இத்தனை நாற்காலி இருந்து மனிதன் இத்தனை நிராதரவாக நின்றதில்லை. கல்யாண மண்டபத்தில்கூட நாற்காலி குறைவாக இருந்தால்தான் நிற்போம்.

உட்காரத் தகுந்த நாற்காலி அந்த பங்களாவில் ஒன்றே ஒன்று உண்டு. சிவப்பு பிளாஸ்டிக். ஒரு கால் லேசாக வளைந்தது. அதில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருப்பார் என்று நான் பார்க்க, நான் நகர்ந்துவிடுவேன் என்று அவர் பார்க்க, கொஞ்ச நேரம் போயிற்று. அவர் அனுபவஸ்தர். அசையவில்லை.

ஒரு நாற்காலி எந்தக் கட்டத்தில் கயிறு கட்டும் தகுதியை அடைகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. என் அப்பாவின் நாற்காலிக்கும் எண்பது வயது. அதுவும் பிரம்பு, அதுவும் கிழிசல், அதிலும் பொழுதெல்லாம் ஒருவர் உட்கார்ந்து மற்றவர்களை வேலை ஏவியிருக்கிறார். அதை மாடியில் கவிழ்த்துப் போட்டு வற்றல் காயவைக்கிறோம். துரையின் நாற்காலியில் பிரம்பு அறுந்தால் பாரம்பரியம். நம் நாற்காலியில் அறுந்தால் பழைய சாமான்காரர்.

மரத்தைப் பற்றிய பேச்சு வேறு. "சார், இது திப்பு சுல்தான் அரண்மனைத் தேக்கு." ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து, திப்புவின் லால் மகாலைப் பிரித்து, மலையேற்றிக் கொண்டுவந்தவை. அது சரித்திரம். தேவாலயம் கட்டி முடிந்தது 1830 வாக்கில். அதற்கப்புறம் இந்த மாவட்டத்தில் நான் பார்த்த கதவு, ஜன்னல், ஊஞ்சல் பலகை, ஒரு ரிசார்ட்டின் மெனு ஸ்டாண்டு வரை அதே அரண்மனைத் தேக்குதான். திப்புவின் அரண்மனை அவ்வளவு பெரிதாக இருந்திருந்தால் கும்பினிப் படை அதைச் சுற்றி வருவதற்குள்ளேயே களைத்துத் திரும்பியிருக்கும்.

மச்சினன் மட்டும் கண் கலங்கிப் போய் நின்றான். "டால்ஸ்டாய் வீட்லயும் ஒரு கறுப்புத் தோல் சோபா இருக்குதுங்க மச்சான். அவரு அதுலதான் பொறந்தாருங்க." உண்மை. அவர் மட்டுமா, அவரோடு பிறந்தவர்களில் சிலர், அவர் பெற்ற பதின்மூன்றில் பெரும்பாலானவர்கள், எல்லோரும் அந்த சோபாவில்தான் பிறந்தார்கள். அந்த சோபாவுக்குக் கயிறு கட்டினால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். உழைத்த சோபா. ஓய்வு கொடுக்கலாம். அதே டால்ஸ்டாய்க்கு மாஸ்கோவில் ஒரு வீடு, அதுவும் மியூசியம். அங்கே அவர் எழுதின நாற்காலியின் கால்கள் கட்டை. கிட்டப்பார்வை, கண்ணாடி போடப் பிடிக்காது, ஆகவே காகிதத்துக்குக் கிட்டே போக நாற்காலியின் கால்களை அறுத்துவிட்டார். கண் சரியில்லை என்பதற்காக நாற்காலிக்கு ஆபரேஷன் செய்தவர். அந்த நாற்காலியையும் வையுங்கள், பார்க்கிறேன். அதற்கு ஒரு சேதி இருக்கிறது. நம் துரையின் நாற்காலிக்கு என்ன சேதி? உட்கார்ந்தார். அப்புறம் எழுந்தார். 1947-க்கு அப்புறம் கப்பல் ஏறினார்.

செகாவின் 'செர்ரிப் பழத் தோட்டம்' நாடகத்தில் ஒரு பெரியவர், வீடு ஏலத்துக்குப் போகப் போகிற நேரத்தில், நூறு வயதான புத்தக அலமாரியின் முன்னால் நின்று அதைப் பாராட்டிச் சொற்பொழிவு ஆற்றுவார். அதைக் கேலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே கைடு தம்பி ஒரு குடைத் தாங்கியின் முன்னால் ஐந்து நிமிஷம் பேசினதைக் கேட்டபின், செகாவ் நேரில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று நம்புகிறேன். செகாவே மெலிகோவோவில் எஸ்டேட் வைத்திருந்தவர்தான். ஆனால் டாக்டர். அவர் வீட்டில் இருந்தால் கொடி ஏற்றுவார்களாம்; கொடி பறந்தால் குடியானவர்கள் வைத்தியத்துக்கு வரலாம். நம் துரை பங்களாவிலும் கொடிக்கம்பம் இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். "பெரிய துரை இருக்காருன்னு தெரிஞ்சா ஜனங்க அந்தப் பக்கம் வராம சுத்திப் போவாங்க சார்" என்றான் தம்பி. பெருமையாகத்தான் சொன்னான்.

இதற்குள் முழங்கால் பகிரங்கமாகவே எதிர்ப்புத் தெரிவித்தது. ஜன்னல் திண்டில் சாயப் போனேன். "சார், அது ஒரிஜினல் ஜன்னல்." விலகினேன். சுவரில் சாய்ந்தேன். "சார், சுண்ணாம்பு." அந்த பங்களாவில் பாரம்பரியம் இல்லாத ஒரே பொருள் நான்தான் போலிருக்கிறது, வேறொன்றும் இல்லாததால் என் மேலேயே சாய்ந்து நின்றேன்.

அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் தேயிலைச் சரிவு. பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டுதான். கோத்தகிரிப் பக்கம் 1863-ல் மிஸ் காக்பர்ன் தேயிலை நட்டதாகப் புத்தகங்களில் இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த வேலையை உட்கார்ந்து செய்தவர் ஒருவர் இல்லை. முழங்கால் என்று சொல்லி அட்டகாசம் செய்துகொண்டிருந்த நான் அந்த ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். அப்புறம் இன்னும் கோபம் வந்தது. பங்களாவில் துரையின் பைப்பு இருக்கிறது, துரையின் நாயின் கழுத்துப் பட்டை இருக்கிறது, பட்லர் செய்த கேக்கின் செய்முறை கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. கொழுந்து எடுத்தவர்களுடையது என்று ஒரு கூடைகூட இல்லை. யோசித்தால் காரணம் எளிது. அவர்களுக்கு நாற்காலி கிடையாது. நாற்காலி இல்லாததால் கயிறு இல்லை. கயிறு இல்லாததால் மியூசியம் இல்லை.

"தொழிலாளிங்க இருந்த லைன் வீடு ஒண்ணு காட்டுவீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"அங்க பாக்க என்ன சார் இருக்கு?"

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் லைன் வீட்டில் வாழ்ந்த ஆள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசே தேயிலை நட ஆரம்பித்தது. 1976-ல் அது டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. கண்டிச் சீமையில் ஒரு லயத்து அறையில் எத்தனை பேர் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தார்கள், அடுப்பு எங்கே, ஒழுகும் தகரத்துக்குக் கீழே எந்தப் பாத்திரம் என்று தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். அந்த ஒரு கோட்டுப் படத்துக்கு முன்னால் பதினோரு நாற்காலியும் நிற்காது. இலங்கையில் கம்பளை அருகே அப்படி ஒரு பழைய லயத்தையே 2007 முதல் தோட்டத் தொழிலாளர் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். இதை மச்சினனிடம் சொன்னேன். "ஃபிளைட் என்ன ரேட்டு ஆகுமுங்க மச்சான்?" என்றான். எதற்கு ஃபிளைட்? எங்கள் வீட்டிலிருந்து பத்து அடி நடந்தால் பெரியவர் இருக்கிறார். ஆனால் டிக்கெட் இல்லாத இடத்தை மச்சினன் நம்பமாட்டான்.

சுற்றி முடித்ததும் 'பாரம்பரியத் தேநீர்' என்று தனிச் சீட்டு. ஒரு கோப்பை நூற்றைம்பது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. அதற்கு நடுவில் நின்றுகொண்டு, நூலில் கட்டித் தொங்கவிட்ட டிப் டீ கொடுத்தார்கள். பக்கத்தில் வர்க்கி ஒன்று. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த வர்க்கிக்கு இன்னும் தெரியவில்லை, நமுத்துப் போயிருந்தது.

இரண்டாவது யோசனை தேநீர் பற்றியது. மேலே சொன்னதிலேயே அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை நாகரிகமாகத்தான் சொல்ல வேண்டும். துரையின் பாத்ரூமில் சிங்கக் கால் வைத்த வெள்ளைத் தொட்டி, பளபளக்கும் பித்தளைக் குழாய், பூப்போட்ட பீங்கான் கோப்பை, மூன்றுக்கும் கயிறு. பார்த்து ரசிக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் அதிக நேரம் ரசிக்க முடியாது. வந்தவர்களுக்கு வேறு இடம் கட்டியிருக்கிறார்களா என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். கட்டியிருக்கிறார்கள், பின்பக்கம், புதிது, டைல்ஸ் போட்டது. பூட்டியிருக்கிறது. சாவி மேனேஜரிடம். மேனேஜர் கோத்தகிரிக்குப் போயிருக்கிறார்.