எஃப்.சி.க்கு முன் ஒரு குலுக்கல்

கேள்வி (டாக்சி ஓட்டுநர், திருநெல்வேலி): அடுத்த மாதம் எஃப்.சி. வாட்டர் வாஷ், பாலிஷ், புது சீட் கவர் எல்லாம் ஆச்சு. இன்னும் என்ன பாக்கி?

பதில்: வண்டிதான் பாக்கி! மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டீர்கள், மூட்டுவலியை யார் பார்ப்பது? வண்டிக்கு மூட்டு என்றால் ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும். ஒரு ஜாக்கி, ஒரு டார்ச், பொறுமையான ஒரு மச்சான். இந்த மூன்றும் இருந்தால் முக்கால்வாசிக் குறை வாசலிலேயே தெரிந்துவிடும். இந்த வாரமே பாருங்கள். ஸ்பேர் வந்து சேரவும் நாளாகும்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): ஸ்டியரிங் எவ்வளவு ஆடலாம்?

பதில்: மத்திய மோட்டார் வாகன விதி 98-ன்படி ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் நடுவே உள்ள தூரம். ஆனால் அது பத்தாம் வகுப்பில் 35 மார்க் வாங்குவது மாதிரி. பாஸ்தான், ஊரைக் கூட்டிச் சொல்ல முடியாது. நல்ல நிலையிலுள்ள காரில் ஒரு விரற்கடைக்கு மேல் ஆடினாலே சந்தேகப்படுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓடும்போது சோதியுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): முன்பக்கம் ஏதோ சத்தம். சொன்னால், என் கணவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறார்!

பதில்: செலவில்லாத ரிப்பேர்! பாட்டையும் ஏ.சி.யையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒரு மதில் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் ‘லொட லொட’ என்றால் முதலில் லிங்க் ராடைப் பாருங்கள். பிரேக் போடும்போது ‘டொக்’ என்று ஒரு அடி விழுந்தால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஸ்பிரிங் முறுகித் துள்ளுகிறதா? ஸ்ட்ரட் மவுன்ட். வேகம் ஏற ஏற ‘ஊ’ என்று ஊளையிட்டால் வீல் பேரிங். முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் ‘டக் டக் டக்’ என்றால் அது சஸ்பென்ஷன் இல்லை, ஆக்ஸில் ஜாயின்ட்.

கேள்வி (அரசு ஊழியர், தஞ்சாவூர்): ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டேன். இப்போது என்ன செய்ய?

பதில்: முதலில் பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள், வண்டிக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடாதீர்கள். பிறகு சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 9-லும் 3-லும் பிடித்து ஆட்டும்போது பிளே தெரிந்தால் டை ராட் எண்டோ ரேக் எண்டோ தேய்ந்திருக்கலாம். 12-லும் 6-லும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இரண்டில் எது? அதற்குத்தான் மச்சான். அவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயின்ட்.

கேள்வி (வேன் உரிமையாளர், வேலூர்): பால் ஜாயின்ட் ரப்பர் மட்டும் கிழிந்திருக்கிறது, ஆட்டம் இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: குடை கிழிந்திருக்கிறது, இன்னும் நனையவில்லை என்கிறீர்கள். கிழிசல் வழியே கிரீஸ் வெளியேறும், தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். ஆட்டம் பின்னாலேயே வரும். ஸ்டியரிங் இணைப்பின் பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்று அதே விதி 98 சொல்கிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு): ஷாக் அப்சார்பர் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

பதில்: முன்மூலையை அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது. ஊஞ்சல் ஆடினால் ஷாக் ஓய்வு கேட்கிறது. அமுக்கிப் பார்த்ததில் அடங்கிவிட்டாலும், ராடில் எண்ணெய் வழிகிறதா, டயர் ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றினால் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி (மருந்துக்கடைக்காரர், சேலம்): மூன்று முறை அலைன்மென்ட் செய்தும் டயர் உள்பக்கம் தேய்கிறதே?

பதில்: ஆடுகிற மேஜையில் தராசை வைத்து எத்தனை முறை எடை போட்டாலும் கணக்கு ஒத்துவராது. புஷ்ஷும் ஜாயின்ட்டும் ஆடினால் இன்று வைத்த அளவு நாளைக்கு இருக்காது. தேய்ந்ததை முதலில் மாற்றுங்கள். அலைன்மென்ட் கடைசி வேலை.

கேள்வி (வங்கி ஊழியர், திருச்சி): மெக்கானிக் “முழு செட்டையும் மாத்திடலாம் சார்” என்கிறார்.

பதில்: “எங்கே ஆடுதுன்னு காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கம்பியைக் கொடுத்து நெம்பிக் காட்டுவார். மாற்றியதும் பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

கேள்வி (ஐ.டி. ஊழியர், சென்னை): டாக்சிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதன்பின் வருடாவருடம். என் சொந்தக் காருக்குப் பதினைந்தாம் வருடம்தானே ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும்?

பதில்: ஆமாம், அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஆனால் வேளச்சேரிப் பள்ளத்துக்கு உங்கள் ஆர்.சி. தேதி தெரியாதே!

கேள்வி (மச்சான், ஊர் வேண்டாம்): பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது. இதில் எனக்கு என்ன லாபம்?

பதில்: ஊருக்குப் போகும்போது முன்சீட்டில் உட்காரப்போவது யார்?